குறையாத தொட்டி

குச்சியைத் தொட்டியிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஈரம் நேற்றைய கோட்டிலேயே நின்றிருந்தது. தங்கராஜ் துண்டால் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் நேராக, அடி தட்டுகிற வரை இறக்கி எடுத்தான். அதே கோடு. நேற்று மட்டுமல்ல, முந்தாநாளும் அதே கோடுதான்.

கார்த்திகை தீபத்தோடு மழை விட்டுப்போயிருந்தது. மார்கழி பிறந்து, நாகலூர் முழுக்கப் பனிமூட்டம்தான். ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் சோற்றுக்கும் குளிக்கவும் துணி அலசவும் கலாவதி தினமும் வாளி வாளியாக மொண்டுகொண்டுதான் இருந்தாள். எடுத்தால் குறைய வேண்டும். ஒரு நாள் புழக்கத்துக்கு எத்தனை விரல் குறையும் என்று கணக்குப் போட்டு, அந்த மூங்கில் குச்சியில் கோடு கீறியவனே தங்கராஜ்தான்.

அந்தத் தொட்டியின் ஒவ்வொரு செங்கல்லும் அவனுக்குத் தெரியும். சேலத்திலிருந்து மலையேறி வந்து காப்பி எஸ்டேட்டில் பம்ப் ஃபிட்டராக இருப்பவன் அவன். பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவதுதான் அவனுடைய வேலை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குக் குடிதண்ணீர், சரிவுக்குக் கீழே இருந்த ஊற்றிலிருந்து அவன் பெண்டாட்டியின் இடுப்பில்தான் ஏறி வந்துகொண்டிருந்தது. போன வருஷம், மழைக்காலத்தில், பாசி பிடித்த கல்லில் வழுக்கிக் குடத்தோடு விழுந்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவள் சொல்லாததுதான் அவனை அந்தக் குழியைத் தோண்டவைத்தது. இப்போது அவளுக்கு மறுபடியும் மாசம் நிறைந்துகொண்டிருந்தது. தை பிறந்ததும் பிள்ளை பிறந்துவிடும். தொட்டி வந்த பிறகு அவள் ஊற்றுப் பக்கமே போகவில்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஒரு சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் இரண்டேகால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் விழும். அவர்களுடைய தகரக் கூரையைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நல்ல ஐப்பசி மழைக்கே தொட்டி பாதி நிறைந்துவிடும். கூரை விளிம்பில் தகரத்தை வளைத்துக் கட்டிய கால்வாய். அதன் கோடியில் கீழே இறங்கும் குழாய். குழாயின் கழுத்தில், முழங்கைபோல் வளைந்த, திருப்பக்கூடிய ஓர் எல்போ. முதல் மழை கூரையைக் கழுவுகிற மழை; பறவை எச்சமும் சருகும் அதோடு வரும். அதை வாசலுக்குத் திருப்பிவிட வேண்டும். தண்ணீர் தெளிந்த பிறகு எல்போவை இந்தப் பக்கம் திருப்பினால், கூழாங்கல், மணல், அடுப்புக்கரி என்று அடுக்கடுக்காக நிரப்பிய பீப்பாய் வழியாக வடிந்து, சமையலறைத் தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் போய்ச் சேரும். தொட்டியில் வெளிச்சம் படக் கூடாது. வெளிச்சம் இல்லையென்றால் பாசி இல்லை. ஆகவே ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு சதுர வாய், அதன் மேல் கடப்பைக் கல் மூடி. சரிவுப் பக்கம் அடியில் ஒரு வால்வு, தொட்டியைக் கழுவுகிறபோது தண்ணீரைத் திறந்துவிட. யார் கேட்டாலும் தங்கராஜ் இதையெல்லாம் தரையில் குச்சியால் வரைந்து காட்டுவான். கேட்காவிட்டாலும் காட்டுவான்.

"என்னங்க, குச்சியவே பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் கலாவதி, அடுப்படியிலிருந்து.

"தண்ணி கொறையல கண்ணு."

"கொறையலீன்னா சந்தோசந்தானுங்க? கொறஞ்சாலும் கவல, கொறையாட்டியும் கவலயா உங்களுக்கு?"

அவன் சிரித்தான். காரணம் இருக்கத்தான் வேண்டும். பனிமூட்டம் சில்வர் ஓக் இலையில் பட்டாலே நீராகிச் சொட்டும். ராத்திரியில் குளிர்ந்த தகரத்தில் படாதா? சொட்டுச் சொட்டாகக் கால்வாயில் சேர்ந்து, விடிவதற்குள் எடுத்ததை ஈடுகட்டிவிடுகிறது. அந்த விளக்கம் அவனுக்கே பிடித்திருந்தது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எல்போவை வாசல் பக்கம் திருப்பி வைத்தான். இனி ஒரு பனித்துளிகூடத் தொட்டிக்குள் போகாது.

மறுநாள் காலை குச்சியில் அதே கோடு.

அப்படியானால் ஊற்றுக்கசிவு. பூமிக்குள்ளிருந்து சுவர் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆனால் கசிகிற தண்ணீர் செம்மண் கலங்கி வரும்; தொட்டித் தண்ணீரோ கண்ணாடிபோல் இருந்தது. போதாததற்கு வீடு மேட்டில், ஊற்று பள்ளத்தில். தண்ணீர் தானாக மேடேறாது என்பது அவனுக்குச் சோறு போடுகிற பாடம்.

அந்த வாரத்தில் கலாவதி இன்னொன்று சொன்னாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதாம். அவன் கை விட்டுப் பார்த்தான். வெந்நீர்ச் சூடு அல்ல. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் ஏந்தி வைத்திருந்து ஊற்றியதுபோல் ஒரு சூடு. "பூமிக்கு அடியில குளுரு எறங்காது கண்ணு. மேல காத்து சில்லுன்னு இருக்கறதால தண்ணி சூடாத் தெரியுது" என்றான். அது உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு அவன் அந்தத் தண்ணீரில் குளிக்கவில்லை.

வாசனையும் அப்போதுதான் தொடங்கியது. மூடியை நகர்த்தினால் பச்சை சிமெண்டின் வாசனை. அப்போதுதான் குழைத்துவைத்த கலவையிலிருந்து எழும், தொண்டையில் சுண்ணாம்புபோல் ஒட்டுகிற வாசனை. பூச்சு வேலை முடிந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. நனைந்து, ஊறி, இறுகி, முதலில் நிரம்பிய காரத் தண்ணீரைக் கொட்டிக் கழுவியும் ஆயிற்று. அதன் பிறகு இந்த வாசனை வரக் கூடாது. அவன் மூடியைச் சரியாக இழுத்து மூடி, அதன் மேல் அரிசி டின்னைத் தூக்கி வைத்தான். எதற்காக வைத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது பனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. கலாவதி சமையலறையில் இல்லை. கூடத்து மூலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இப்பத்தான் வாரீங்களா?"

"ஆமா. ஏன்?"

"மத்தியானம் வந்தீங்களேன்னு நெனச்சேன். அடுப்படியில உங்க பேச்சு கேட்டுச்சு. நீங்க வேல செய்யறப்ப ஒங்களுக்குள்ளயே பேசிக்குவீங்களே, அப்படி."

"ரேடியோவா இருக்கும்."

"நம்ம ஊட்டுல எங்கீங்க ரேடியோ?"

அவன் சமையலறைக்குள் போனான். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்திருந்தன. எங்கோ ஓர் இலை சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. அந்த அமைதியில் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், ஏதோ உரசியது. சர்ர்க். சற்று நிறுத்தம். சர்ர்க். பூச்சுக் கரண்டியை ஈரச் சுவரில் அழுத்தி, கீழிருந்து மேலாக இழுக்கும் ஓசை. அவன் மண்டியிட்டான். காதைத் தரையில் வைத்தான். கல் சில்லென்று இல்லை.

"மூலையில கொஞ்சம் உருட்டிப் பூசோணும்" என்றது உள்ளிருந்து ஒரு குரல், அவசரமே இல்லாமல். "கூரா உட்டா அங்கதான் வெடிப்பு உடும்."

அவனுடைய குரல். பூசிக்கொண்டிருந்த நாளில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தைகள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிப் பழம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மலைக்காரப் பெண், கலாவதி வயதுதான் இருக்கும், வாய் ஓயாதவள். கொஞ்ச நாளாக அவள் இவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன ஃபிட்டரண்ணே, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்குது? தங்கச்சி சோறு போடலியா?"

அவன் சிரிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் கை பழத்தைப் பரப்புவதை நிறுத்தியது.

"பூசி முடிச்சன்னிக்கு உங்களை மேல கூப்பிட்டது ஆருங்க?"

"கூப்பிடறதா?"

"எங்க வளவுல கெணறோ தானியம் கொட்டற தவசக் குழியோ, எதத் தோண்டுனாலும் கடேசியா உள்ள இருக்கறவன் தானா ஏறி வரமாட்டான். மேல ஒருத்தரு நின்னு பேரு சொல்லிக் கூப்பிடோணும். பேரச் சொல்லி. அதுக்கப்புறந்தான் ஏறுவான். இல்லாட்டி முழுசா வரமாட்டான்னு சொல்லுவாங்க."

அன்றைக்குக் கலாவதி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பூச்சு முடியும் நேரத்தில் கூரையில் மழை படபடவென்று விழுந்தது. ஈரப் பூச்சில் மழைத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று அவன் தனியாகத் தாவி ஏறி, திரும்பிப் பார்க்காமல், கல்லை இழுத்து மூடிவிட்டு எல்போவை வாசலுக்குத் திருப்ப ஓடினான்.

"இப்ப என்ன செய்யறது?"

"எனக்குத் தெரியாதுண்ணே. வாழவந்தியில எங்க பெரியப்பன் மவன் முனியப்பன் இருக்குது, அதுக்கு இதெல்லாம் தெரியும். வெள்ளிக்கெழம வரும். கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தொறக்காதீங்க. தங்கச்சியையும் அவங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிச்சிருங்க."

அதையேதான் கலாவதியும் சொன்னாள். "நான் அம்மாபேட்டைக்குப் போறனுங்க. காலையில பஸ்ஸுல ஏத்தி உட்டுருங்க. இங்க எனக்குப் பயமா இருக்குது."

நிறை வயிற்றோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் போக வேண்டும். வழியில் ஏதாவது ஆனால்? போன வருஷத்துப் பள்ளம் மறுபடியும் கண்ணில் வந்தது. அவளை அனுப்பவும் முடியவில்லை. இந்தத் தரைக்கு மேல் வைத்திருக்கவும் முடியவில்லை. அவன் யோசித்தது ஒரு ஃபிட்டர் யோசிக்கும் விதத்தில்தான். பம்ப்பை மாட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் கீழே கிடந்தால் யாரும் அலறமாட்டார்கள். கழற்றுவார்கள், விட்டுப்போனதைப் போடுவார்கள், மாட்டுவார்கள். விட்டுப்போனது ஒரே ஒரு வேலை. அதை இப்போது செய்துவிட்டால் போதும். வெள்ளிக்கிழமைவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

வெளியே போய் வால்வைத் திறந்தான். தண்ணீர் ஆவி பறக்கச் சரிவில் இறங்கி ஓடியது. உள்ளே வந்து குச்சியை விட்டுப் பார்த்தபோது, இத்தனை நாளில் முதல் தடவையாக மட்டம் இறங்கியிருந்தது. நினைத்ததைவிட வெகு சீக்கிரமாகத் தொட்டி காலியாயிற்று. பாதித் தண்ணீர்தான் வந்ததுபோல் இருந்தது. அதை அவன் கவனித்தான். ஆனால் அப்போது அதன் பொருள் அவனுக்குப் புரியவில்லை.

"நான் உள்ள எறங்கறேன் கண்ணு. நீ விளக்கப் புடிச்சுட்டு மேல நில்லு. நான் சொன்னதும் என் பேரச் சொல்லிக் கூப்பிடு. ஏறி வந்தர்றேன். அவ்வளவுதான்."

கலாவதிக்கு அந்த நேரத்திலும் முகம் சிவந்தது. "உங்க பேரையா? நான் எப்படீங்க சொல்லுவேன்? ரேசன் கடையிலகூடப் பக்கத்துல இருக்கறவங்களத்தானே சொல்லச் சொல்லுவேன்."

"ஒருக்காச் சொல்லு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"செரி" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

மூங்கில் ஏணியை இறக்கினான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினான். சிமெண்டு வாசனை மூக்கை அடைத்தது. கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்தபோது தரை கல்லாக இல்லை. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக, கணுக்கால்வரை உள்ளே வாங்கிக்கொண்டது.

இரண்டு கையையும் விரித்தான். கட்டியபோது, தொட்டியின் நடுவில் நின்று கையை விரித்தால் எந்தச் சுவரும் எட்டாது. இப்போது முழங்கையை மடக்கவேண்டியிருந்தது. இரு பக்கமும் சுவர். ஈரச் சுவர். விரல் புதைந்தது.

அப்போது புரிந்தது. தண்ணீர் ஒருபோதும் ஏறவில்லை. எடுக்க எடுக்கக் குறைந்துதான் வந்தது. குறைந்த அளவுக்குச் சுவர் தடித்துவந்தது. யாரோ உள்ளிருந்து பூசியிருக்கிறார்கள். நாள்தோறும். தண்ணீருக்கு அடியிலும். பூச்சின் மேல் பூச்சாக, வழவழவென்று, ஒரு பிசிறும் இல்லாமல்.

டார்ச்சை எதிர்ச் சுவரில் காட்டினான். அங்கே ஓர் இடம் மட்டும் பூசாமல் விடப்பட்டிருந்தது. ஓர் ஆள் நிற்கிற அளவு. தோள் அகலம் அவனுடையது. உயரம் அவனுடையது. தலை சாய்ந்திருந்த இடத்தில் ஒரு குழிவு, ஈரமாக, புதிதாக.

காலியாக.

அங்கிருந்து கால் தடங்கள். சேற்றில் ஒன்று. இரண்டு. அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கணுக்காலைச் சுற்றி இருந்தது இறுகிக்கொண்டிருந்தது.

"கலா," என்றான். "பேரச் சொல்லு. இப்பவே சொல்லு."

மேலே வெளிச்சம் அசைந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய உதடு பெயரைச் சொல்லப் பிரிந்தது, நின்றது, இத்தனை வருஷப் பழக்கம் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க," என்றாள் கலாவதி. "மேல வாங்க."

"இதா வந்துட்டேன் கண்ணு."

அது அவனுடைய குரல். அவனுடைய வாயிலிருந்து வரவில்லை. அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. மூச்சு பட்டது. தோளை ஒரு கை பற்றி ஒதுக்கியது, வழியில் நிற்கும் சாமானை ஒதுக்குவதுபோல். ஏணி கிரீச்சிட்டது. ஒவ்வொரு படியிலும் ஓர் ஈரப் பாதம். பாதத்தின் வெடிப்புகள் அவனுக்குத் தெரிந்த வெடிப்புகள்.

"கலா! நான் இங்க இருக்கறேன்! கலா!"

ஏணி மேலே இழுக்கப்பட்டது. டார்ச் கையிலிருந்து நழுவி, சத்தமில்லாமல் அமிழ்ந்து, அணைந்தது.

"அய்யோ, என்னங்க உடம்பெல்லாம் சிமெண்டு? தொடைங்க முதல்ல. ஆச்சுங்களா எல்லாம்?"

"ஆச்சு. இனி ஒண்ணும் இல்ல."

"உள்ள என்னமோ சத்தம் கேக்குதுங்களே. கத்தறாப்புல."

"காத்து கண்ணு." பொறுமையான குரல். விளக்கிச் சொல்வதில் ஆசை உள்ள குரல். "தொட்டி வெறுமையா இருக்கறப்ப அடிக்கொழாய் வழியாக் காத்து ஏறும். புல்லாங்குழல்ல ஊதற மாதிரித்தான். வால்வ மூடிட்டா நின்னுரும். வாயையும் பூசி அடச்சர்றேன். பூச்சி எறங்காது பாரு. தண்ணிக்கு வெளிய ஒரு கொழா வெச்சுத் தந்தர்றேன், நீ குனிஞ்சு மொள்ள வேண்டாம்."

"நொம்ப நல்லதுங்க."

"அம்மாபேட்டைக்குப் போவணும்னியே?"

"இனி எதுக்குங்க?" அவள் சிரித்தாள். பயம் தெளிந்த சிரிப்பு. இத்தனை நாளாக அவன் கேட்க ஏங்கிய சிரிப்பு. "இங்கயே இருக்கறேன்."

கடப்பைக் கல் இழுபட்டது. வெளிச்சம் சதுரமாக இருந்து, பட்டையாகி, கோடாயிற்று. அந்தக் கோட்டின் ஒரு முனையில் கரண்டி வந்து தட்டியது. சர்ர்க். கோடு ஒரு சாண் குறைந்தது.

அவன் கத்தினான். சுவர் அந்தச் சத்தத்தைக் குடித்தது. கலவை முழங்காலைத் தாண்டியது. இடுப்பு.

சர்ர்க்.

"விளக்க இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு கண்ணு. சந்து தெரிய மாட்டேங்குது."

கோட்டுக்கு மேலே விளக்கு நெருங்கி வந்தது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். அதற்குப் பின்னால் கலாவதியின் விரல்கள். விளக்கை அசையாமல், இரண்டு கையாலும், வேலைக்கு வாகாகப் பிடித்திருந்தாள்.